தகரக் கூரையில் விழுந்த ஈயப்பை: இருளாண்டியின் இரண்டாவது வாக்குமூலம்

எனது பெயர் இருளாண்டி, வயது 43, தகப்பனார் பெயர் நாகையா. எம். புதுப்பட்டி மேலத்தெருவில் மனைவி, மகளுடன் குடியிருக்கிறேன். உயரமான மரங்களில் கயிறு போட்டு ஏறிக் கிளை கழிக்கும் வேலை பார்த்து வருகிறேன். 19.08.2025 அன்று மாலை இதே காவல் நிலையத்தில் நான் கொடுத்த வாக்குமூலம் பொய்யானது. இன்று 28.08.2025 காலை பத்து மணிக்கு, யாரும் அழைக்காமல் நானாகவே ஆஜராகி இதைச் சொல்கிறேன்.

மேற்படி 19ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு, நானும் என் மனைவியின் தம்பி பாண்டியும், முதல் வாக்குமூலத்தில் கண்ட பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனோம். கம்பெனியின் பின்பக்கச் சுவரை ஒட்டி வெளியே எழுபது அடி உயரத்தில் ஒரு தைலமரம் நிற்கிறது. அதில் பட்டுப்போன இரண்டு கிளைகளை இறக்க வேண்டும். போர்மேன் ஜெயச்சந்திரன் எங்களிடம், "பொம்பளைக உள்ள வேலை பாக்காக. சத்தம் வர்ற சோலி எதுவா இருந்தாலும் ஒரு மணிக்கு மேல, எல்லாரும் சாப்பிட வெளிய போனப்புறம் வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு லோடு ஏற்றும் இடத்துக்குப் போய்விட்டார். நான் சரி என்று சொன்னேன்.

என்னிடம் காற்றில் இயங்கும் ஒரு குழாய் உள்ளது. கேரளாவில் ஏலத்தோட்ட வேலைக்குப் போயிருந்தபோது அங்கே ஒருவரிடம் வாங்கியது. சைக்கிள் பம்பால் காற்றை நிரப்பி விசையைத் தட்டினால், ஈயக்குண்டு அடைத்த சிறிய பை, மெல்லிய நூலை இழுத்துக்கொண்டு கிளைக்கு மேலே போய் அந்தப் பக்கம் விழும். அந்த நூலில் கட்டி ஏறும் கயிற்றை இழுத்துக்கொள்வோம். அதைச் சாக்கில் சுற்றி வைத்திருந்ததால் போர்மேன் பார்க்கவில்லை. பார்த்தால் கூடாது என்பார் என்று தெரிந்துதான் நானும் காட்டவில்லை.

பதினொன்றரை மணிக்கு நான் குழாயை எடுத்தேன். பாண்டி, "ஒரு மணி ஆகட்டும் மச்சான்" என்றார். நான், "இது காத்துதான் மாப்ள, வெடிமருந்தா என்ன" என்றேன். முதல் இரண்டு முறையும் பை பாதி மரத்திலேயே தட்டிக் கீழே விழுந்தது. பாண்டி சிரித்து, "இதுக்கு நான் கவட்டையில கல்லு வச்சே அடிச்சிருப்பேனே" என்றார். எனக்கு ரோசமாகிவிட்டது. வழக்கமாக நிரப்புவதைப் போல ஒன்றரை மடங்கு காற்றை நிரப்பி மூன்றாவது முறை விட்டேன். அந்த முறை பை கிளையையும் மரத்தையும் தாண்டி, சுவருக்கு உள்ளே காகிதக்குழாய் ஒட்டும் செட்டின் தகரக் கூரையில் விழுந்தது. அந்தச் சத்தம் வெடிச் சத்தம் போலவே இருந்தது. எனக்கே அப்படித்தான் கேட்டது.

உடனே உள்ளிருந்து ஒரு பெண், "ஓடுங்க, எல்லாரும் ஓடுங்க" என்று கத்தினார். அது வேல்விழி, வயது 24, என்று பின்னால் தெரிந்தது. பிறகு ஒரே கூச்சலும் ஓடும் சத்தமுமாக இருந்தது. அதே நேரத்தில் நான் நூலைச் சுருட்டிப் பையை இழுத்துக்கொண்டேன். யாருக்கு என்ன ஆனது என்று சுவருக்கு மேலே எட்டிப் பார்ப்பதற்கு முன்பே, குழாயைக் கழற்றிச் சாக்குக்குள் வைத்துவிட்டேன். பாண்டியிடம் வாயைத் திறக்காதே என்றேன்.

ஓடியதில் அங்கே வேலை பார்க்கும் அய்யம்மாள், வயது 52, வாசல்படியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. கம்பெனியில் எங்கும் தீயோ வெடிப்போ இல்லை என்று தெரிந்ததும், போர்மேன் எங்களிடம் வந்து, "வெளிய உங்களுக்கு ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சா?" என்று கேட்டார். நான், "ஒன்னும் கேக்கல அண்ணாச்சி, கயிறு பிரிச்சுக்கிட்டு இருந்தோம்" என்றேன். மாலையில் இங்கேயும் அதையே சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். உள்ளே இருந்த மற்றவர்களும், சத்தம் கேட்டு ஓடினோமா, வேல்விழி கத்தியதைக் கேட்டு ஓடினோமா என்று உறுதியாகச் சொல்லவில்லை. அதை வைத்து, வேல்விழி இல்லாத சத்தத்தைச் சொல்லி வீணாகக் கத்தினார் என்று கம்பெனியார் எழுதிக் கொடுத்து அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

22ஆம் தேதி காலை நான் போன மினிபஸ்ஸில் வேல்விழி ஏறினார். பின் சீட்டில் இருந்த யாரோ, "ஓடுங்க ஓடுங்க" என்றார்கள். பஸ்ஸே சிரித்தது. அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதன் பிறகு 26ஆம் தேதி சாத்துக்குடி வாங்கிக்கொண்டு விருதுநகர் பெரியாஸ்பத்திரியில் அய்யம்மாளைப் பார்க்கப் போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லி, "அந்தப் பிள்ளைய வையாதீகன்னு சொல்லிப் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்காக. எங்க அக்கா வேலை பார்த்த ரூம்பு வெடிச்ச அன்னைக்கு இப்படி ஒருத்தி கத்தியிருந்தா, அக்கா இன்னைக்கு இருந்திருப்பா" என்றார். பிறகு, "நீங்க வெளிய நின்னீகளே தம்பி, உங்களுக்கு ஒன்னுமே கேக்கலயா?" என்று கேட்டார். நான், "இல்லக்கா" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, என் கையில் ஒரு பழத்தை எடுத்துக் கொடுத்து, வெயிலில் வந்திருக்கிறீர்கள், சாப்பிடுங்கள் என்றார். நான் அதை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

நேற்று மாலை வேல்விழி வீட்டுக்குப் போனேன். அவர் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். நின்றபடியே நடந்ததைச் சொன்னேன். அவர் சேலையைப் பிழிந்து முடித்தார். பிறகு, "எட்டு நாளா எனக்கே சந்தேகம் வந்துருச்சுண்ணே. சத்தமே இல்லையோ, நமக்குத்தான் புத்தி பெசகிப் போச்சோன்னு" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர், "எங்கிட்ட எதுக்குச் சொல்றீக? எழுதிக் குடுத்த எடத்துல போய்ச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

காற்றுக்குழாய், ஈயப்பை, நூற்கண்டு ஆகியவற்றை இப்போது ஒப்படைக்கிறேன். பையில் கூரையின் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருக்கிறது. பாண்டி வெளியே நிற்கிறார். அவர் தடுத்தும் கேளாமல் செய்தது நான்தான். வேல்விழி கேட்டது உண்மையான சத்தம், அவர் கத்தியது சரி என்பதைத் தனியாக எழுதும்படி கேட்டுக்கொண்டேன். எழுதப்பட்டது.

என் முதல் வாக்குமூலத்தைக் கிழித்துவிட முடியுமா என்று கேட்டேன். முடியாது, அதுவும் இதோடு சேர்ந்தே கோர்ட்டுக்குப் போகும் என்று சார்பு ஆய்வாளர் சொன்னார். சரி என்றேன்.

இதில் எழுதியவை எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. நான் சொன்னபடியே உள்ளன. இந்த முறை சொன்னது அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) நா. இருளாண்டி
28.08.2025