இடது வரிசையில் மூன்றாவது கட்டர்

கடைசல் பிடிக்கச் சின்ன லேத் வாங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். லேத்துக்கு அரை நாள் பேரம் பேசிவிட்டு, கூட வருகிற கட்டர்களைப் பார்க்காமலே பையில் போட்டுக்கொள்வார்கள். நீங்கள் வீட்டுக்குப் போயாவது பிரித்துப் பார்த்திருக்கிறீர்கள். உட்காருங்கள். மத்தியான நேரம், பாத்திரக் கடைக்கு யாரும் வர மாட்டார்கள்.

அடையாறு காந்தி நகரில் ஜவஹர் வீட்டு லேத்தை நீங்கள் வாங்கியது எனக்குத் தெரியும். ஒன்பது கட்டர் செருகிய மரக்கட்டை ஒன்றும் கூட வந்திருக்குமே. ஒன்பதையும் தீட்டியவன் நான்தான். அதில் மூக்கு உடைந்த ஒன்றை மட்டும் கொண்டுவந்து, 'பித்தளை வரிசையில் இருந்தது, ஆனால் பித்தளைக்குத் தீட்டியது மாதிரி இல்லையே' என்று கேட்கிறீர்கள். எட்டு வருஷத்தில் இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள். அந்த வீட்டில் பேப்பர் படிக்கிற அம்மாள்தான் என்னிடம் காட்டச் சொன்னார் என்றீர்கள். அவள் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் தொழில். கட்டர் என்பது சுண்டுவிரல் நீளத்துக்கு ஓர் எஃகுத் துண்டு. வாங்கும்போது அதற்கு முனை, எங்கள் பேச்சில் மூக்கு, கிடையாது. சாணைக்கல்லில் பிடித்து நாம்தான் கொடுக்க வேண்டும். இரும்புக்கு என்றால் மேல்முகத்தைக் கொஞ்சம் பின்னோக்கிச் சரிக்க வேண்டும். அலுமினியத்துக்கு இன்னும் நன்றாகச் சரிக்கலாம். பித்தளைக்கு மட்டும் சரிவே ஆகாது. மேசை மாதிரி தட்டையாக இருக்க வேண்டும். சரிவு இருந்தால் பித்தளை கட்டரைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். இந்த ரங்கநாதன் தெருவில் போகிறவர் கையைப் பிடித்து ஜவுளிக்கடைக்குள் இழுக்கிறார்களே, அது மாதிரி. உள்ளே போனவர் முழுதாக வெளியே வருவதில்லை.

பித்தளை எங்களுக்குக் குலத்தொழில். குடத்தை விரலால் சுண்டினால் ஓசையிலேயே கீறல் தெரிந்துவிடும். அப்பா எனக்கு எழுத்துக்கு முன்னால் அதைத்தான் கற்றுக் கொடுத்தார்.

என் தங்கை இசக்கியம்மாள். ஆறு வயதில் தொண்டை அடைப்பான் வந்து பிழைத்தவள். உயிர் மிஞ்சியது, குரல் கரகரத்துப்போனது. அறுபத்திரண்டில் ஜவஹர் அவளைப் பெண் பார்க்க வந்தார். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆள், துணிக்கடைக் குடும்பம். கடைக்கு மேல் மாடியில்தான் எங்கள் வீடு; அங்கே அவளை நாலு வார்த்தை பேசச் சொன்னார். பேசினாள். கீழே இறங்கி வந்தவர், வாசலில் அடுக்கியிருந்த குடம் ஒன்றைச் சுண்டினார். ணங் என்று கேட்டது.

"கீழ உள்ளதெல்லாம் ஓசை நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி," என்றார். "மாடியில வெச்சிருக்கதுலதான் கீறல் விட்டிருக்கு."

கடையில் பதினோரு பேர் இருந்தார்கள். வியாபாரிகள் மத்தியில் வளர்ந்தவன் என்பதால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: நல்ல பேச்சு. நானே சொல்லியிருக்கக்கூடியது. நானும் சிரித்தேன் என்று அப்போது இருந்தவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அது நினைவில்லை. இசக்கி மாடிப்படியில் ஐந்தாவது படியில் நின்றிருந்தாள் என்பது நினைவிருக்கிறது.

அந்தப் பேச்சு ரயிலேறித் திருநெல்வேலிக்குப் போனது. பிறகு அவளைப் பார்க்க யாரும் வரவில்லை. அவளும் கடைப் பக்கம் வாயைத் திறப்பதை விட்டுவிட்டாள்.

அறுபத்தேழில் ஜவஹரை மறுபடி பார்த்தேன். மயிலாப்பூரில், லஸ் முனைக்குப் பின்னால் நூர் முஹம்மதுவின் கடையில். தொழிற்சாலைகள் கழித்துப்போட்ட கட்டர் துண்டுகளை அவர் கூடையில் குவித்து விற்பார். எனக்கு லேத் பைத்தியம் கொஞ்சம் உண்டு. ஜவஹருக்கு அந்தப் பைத்தியம் அப்போதுதான் பிடித்திருந்தது.

"என்ன பாய், ஒண்ணுலயும் மூக்கே இல்லையே," என்று அவர் கூடையைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"மூக்கு நீ வெச்சிக்கோ நைனா, நா மொகந்தான் விக்கிறேன்," என்றார் நூர் முஹம்மது. "தீட்டத் தெரிலன்னா தோ நிக்கிறாரே கனகராஜு, அவராண்ட கேளு. பித்தளைக்கு அவுரு வெச்ச மூக்குல மூஞ்சி பாக்கலாம்."

ஜவஹர் திரும்பி என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்து முகமெல்லாம் மலர்ந்தது. "அண்ணாச்சி, பாத்திரக்கடை அண்ணாச்சிதானே? சௌக்கியமா? தங்கச்சிக்கு இப்ப எத்தனை பிள்ளைங்க?"

கேலி இல்லை. அக்கறையாகவே கேட்டார். சொன்னது அவருக்குச் சுத்தமாக மறந்திருந்தது. அவர் நினைவில் வைத்திருந்தால் நான் ஒருவேளை மன்னித்திருப்பேன். "நல்லா இருக்கா," என்று சொல்லிவிட்டு, அவருக்காகக் கூடையிலிருந்து ஒன்பது நல்ல துண்டுகளைப் பொறுக்கிக் கொடுத்தேன்.

அடுத்த இரண்டு வருஷம் நான்தான் அவருக்குத் தீட்டிக் கொடுத்தேன். நேர்மையாகவே தீட்டினேன். வாடிக்கையை அப்படித்தான் பிடிக்க வேண்டும். அவருக்குக் கடைசிவரை சரிவைப் பார்த்து அறியத் தெரியவில்லை, கற்றுக்கொள்ளவும் இல்லை. எல்லாம் இடத்தை வைத்துத்தான். மரக்கட்டையில் இடது வரிசை பித்தளை, நடு வரிசை இரும்பு, வலது வரிசை அலுமினியம். அதை அவர் தவிர யாரும் தொடக் கூடாது.

ஒரு நாள் தவிர. ஆயுத பூஜையன்று.

அறுபத்தொன்பது ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு ஒன்பதையும் வாங்கிவந்தேன். பூஜைக்குப் புது முனையோடு வைக்க வேண்டும் என்றேன், அவருக்குச் சந்தோஷம். பூஜை முடிந்த மறுநாள், விஜயதசமி காலையில், புது வேலையாக ஒரு பித்தளை மணியைக் கடைசல் பிடிக்கப்போவதாகச் சொன்னார். வார்ப்பு என் கடைச் சரக்கு, ஒன்றரைக் கிலோ. தட்டிப் பார்த்துத்தான் கொடுத்தேன். மணியின் வெளி உடம்புக்கு அவர் எடுப்பது எப்போதும் இடது வரிசையில் மூன்றாவது கட்டர்.

எட்டை வழக்கம்போலத் தீட்டினேன். மூன்றாவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். அலுமினியத்துக்கு அதைவிட நல்ல கட்டர் சென்னையில் கிடைத்திருக்காது. நீரில் முக்கி முக்கி, சூடேறி நிறம் மாறாமல், எண்ணெய்க் கல்லில் முடித்தேன். கோணல் வேலை செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

பூஜை காலையில் வரிசையாகத் திருப்பிக் கொடுத்தேன். அன்று ஆயுதத்தைப் பயன்படுத்தக் கூடாது. அதுதான் எனக்கு வேண்டியது. என் கைக்கும் அந்த லேத்துக்கும் நடுவில் ஒரு முழு நாளும், ஒரு தாம்பாளமும், ஜெயபாரதியும் இருந்தார்கள். ஜெயபாரதி அவர் மனைவி. ஒன்பதையும் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, மறுநாள் காலையில் அவர் குளித்து வருவதற்குள் எடுத்துக் கட்டையில் செருகினாள். கவனமான பெண். எண்ணி எண்ணித்தான் செருகினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் மோட்டாரைப் போட்டபோது நான் கதவோரம் நின்றிருந்தேன். உடைந்த சில்லு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று தெரிந்தவன் நிற்கிற இடம் அது. கட்டர் முதல் சுற்றிலேயே கடித்துக்கொண்டது. மூக்கு உடைந்து பறந்தது. மணி பிடியிலிருந்து கழன்று வந்தது. வலது கண் அன்றே போயிற்று. ஒரு கண்ணில் பட்ட காயம் மற்றக் கண்ணையும் கெடுக்கும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. இடது கண் ஒன்றரை மாதம் கழித்துப் போனது. அதை நான் கேட்கவில்லை, கொசுறாக வந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெயபாரதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான்தானே அண்ணாச்சி எடுத்து வெச்சேன்? எடம் மாத்தி வெச்சிட்டேனா? எண்ணித்தானே வெச்சேன்?"

"விடும்மா," என்றேன். "வேணும்னா செஞ்சே? யாரும் உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அதற்குப் பிறகு அவள், எண்ணித்தான் வைத்தேன் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் போய் அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வருகிறேன். அவள் வீட்டில் இப்போது அரிவாள்மனைக்குக்கூடச் சந்தனம் வைப்பதில்லை.

விபத்து நடந்த அன்று சாயங்காலம் இசக்கியிடம் விபத்து என்று மட்டும்தான் சொன்னேன். அவள் விவரமானவள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அந்தப் பொண்ணுதான் மாத்தி வெச்சான்னு நீயாண்ணே சொன்னே?" என்று கேட்டாள். நான் சொல்லவில்லை என்றேன். உண்மையும் அதுதான்.

அவருக்கு இடது கண்ணும் போன அடுத்த மாதமே இசக்கி பஸ் ஏறி அடையாறு போக ஆரம்பித்தாள். தினமும் காலையில் ஜவஹருக்குப் பேப்பர் படித்துக் காட்டுகிறாள், முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை. எந்தக் குரலைச் சுண்டிப் பார்த்து வேண்டாம் என்றாரோ, அதைத்தான் இனி ஆயுள் முழுக்கக் கேட்டாக வேண்டும். இதை அவளாகவே கண்டுபிடித்தாள் பாருங்கள். எங்கள் ரத்தம். நான் முனையைத்தான் வைத்தேன். வேலையை முடித்தவள் அவள்.

ஆகவே, நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஆமாம், இது பித்தளைக்குத் தீட்டியது இல்லை. தெரிந்துதான் தீட்டினேன். கூர்மையாக இருந்தது என்று ஒரு கட்டர் மீது எந்தக் கோர்ட்டும் வழக்கு எடுக்காது. ஜெயபாரதியிடம் மட்டும் சொல்ல வேண்டாம். இத்தனை வருஷம் பழகிப்போனதை இப்போது மாற்றினால் அந்தப் பெண்ணுக்குத்தான் கஷ்டம்.

இசக்கி இந்த உடைந்த துண்டை எட்டு வருஷமாகத் தூக்கிப் போட விடாமல் வைத்திருந்தாள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது. விஷயம் தெரிந்த ஒருவர் கையில் கிடைத்ததும் நேராக என்னிடம் அனுப்பியிருக்கிறாள். அண்ணன் வேலை மேல் அவளுக்கு அவ்வளவு பெருமை. வீட்டில் மட்டும் அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. இருக்கிற கொஞ்சம் தொண்டையையும் அடையாற்றிலேயே செலவழித்துவிட்டு வருகிறாள், பாவம்.