நானூறு பேர் பிடித்த விரதம்

மீன்குஞ்சு வளர்ப்பது பெரிய வித்தையில்லை. நேரத்துக்குச் சாப்பாடு போட்டால் தானாக வளரும். முப்பது வருடமாக இந்த வீட்டில் எல்லோருக்கும் நேரத்துக்குச் சாப்பாடு போட்டவள் நான். அதனால்தான், ரொறன்ரோவில் தமையனுக்கு ஒப்பரேசன் என்று ஒரு கிழமை போனபோது, என் கணவர் அரியரத்தினம் தன் தங்கமீன் குஞ்சுகளை என்னிடம் நம்பி விட்டுப் போனார்.

நானூறு குஞ்சுகள். பொரித்து நாலு நாள். கண்ணும் வாலும் மட்டும்தான் தெரியும். தாய்மீன் முட்டைகளைத் தின்றுவிடும் என்று அதை வேறு தொட்டிக்கு மாற்றி, லாசாலில் எங்கள் சின்ன அப்பார்ட்மென்ட் ஹோலைப் பிள்ளைப்பேற்று வார்ட்டாக்கி வைத்திருந்தார்.

"நாளுக்கு ஆறு தரம். மறந்திடாதையும்" என்றார். உப்புத் தண்ணீரில் பொரிக்கவைத்த குட்டி இறால், அது இல்லையென்றால் அவித்த முட்டையின் மஞ்சட்கரு.

மறுநாள் கந்தசஷ்டி தொடங்கியது. அந்த ஆறு நாளும் எங்கள் வீட்டில் இறாலும் முட்டையும் படியேறாது.

எங்கள் மகள் அஜந்தாவுக்குக் கலியாணமாகி ஏழு வருடம். என் வயதுக்காரிகள் எல்லோரும் கோயிலில் போனை நீட்டிப் பேரப்பிள்ளை படம் காட்டுகிறார்கள். நான் மீன் படமா காட்டுவது? சஷ்டி விரதம் பிடித்தால் பிள்ளை கிடைக்கும் என்று நேர்த்தி வைத்தேன். எனக்கோ சுகர்; பட்டினி கிடக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். நேர்த்தி வைத்தபிறகு யாராவது விரதம் இருக்கத்தானே வேண்டும்.

முதல் நாள் தலைமுழுகி, தொட்டிக் கண்ணாடியில் திருநீறு பூசினேன். "பிள்ளையள், அக்காவுக்காக ஆறு நாள் பொறுங்கோ" என்றேன். விரதகாரர் பால் குடிக்கலாம். ஆனால் பால் விட்டால் தண்ணீர் பழுதாகிவிடும். மீன் வளர்ப்பில் சுத்தம் முக்கியம், ஆகவே விடவில்லை.

நான் நேரத்துக்குச் சாப்பிட்டேன், மருந்து போடவேண்டுமே. பார்த்தால் அதுகளுக்கு ஆசை வரும் என்று, முதுகைக் காட்டிக்கொண்டுதான் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டேன். அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் சில அசையாமல் கிடந்தன. தியானம் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் தேநீர் வடியால் அள்ளினேன். சூரன்போர் அன்று எண்ணினேன், பதினொன்று. எந்த விரதத்திலும் கடைசிவரை தாக்குப்பிடிப்பவர்கள் கொஞ்சப் பேர்தான்.

மறுநாள் இவர் வந்து, கையில் பெட்டியோடு தொட்டிக்கு முன்னால் நின்றார்.

"என்னப்பா, குஞ்சுகள் எங்கை?"

"தண்ணி ஒத்துவரேல்லைப் போல."

அன்று அவர் சாப்பிடவில்லை. எனக்கு அது மனவருத்தம்தான். விரதம் முடிகிற நாளென்று எட்டுக் கறி வைத்திருந்தேன்.

அஜந்தாவுக்குப் போன் எடுத்தேன். "உனக்காக விரதம் முடிச்சாச்சு பிள்ளை."

"அம்மா, எங்களுக்குப் பிள்ளை வேண்டாமெண்டு எத்தினை தரம் சொல்லிட்டன்?"

சொன்னாள்தான். மூன்று வருடமாகச் சொல்கிறாள். ஆனாலும், பிள்ளையின் பசி தாய்க்குத்தானே தெரியும்.