ரெண்டு மடங்கு மருந்து

அதுல கை வைக்காத, லைல். கைப்பிடி பாதி ஏறி நிக்குது. இப்ப நீ எறக்கினின்னா அந்தத் தோட்டாக் கூட்டுக்குள்ள எவ்வளவு வெடிமருந்து விழுந்துச்சுன்னு ஒனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எடு கைய. ம்.

இரு, இதக் கவுத்துக் கொட்டிட்டு வரேன். பாதியில ஆள் வந்து நின்னா, கையில இருக்குற கூட்டக் கொட்டிட்டு மொதல்லேருந்து ஆரம்பிக்கணும். யாரா இருந்தாலும் சரி. டுவேன் கீழ எறங்கி வந்தாகூட நான் கைய மடியில வெச்சுக்குவேன். புருஷன்னு சலுகையெல்லாம் கெடையாது. அவரு பேசி முடிச்சு மேல போனப்புறந்தான் மறுபடி தொடுவேன்.

என்ன புதுசா மிசஸ் ஆல்ஸ்டடுங்கிற? ஸ்கூல் பஸ்ல என் தொப்பியப் புடுங்கி சன்னல் வழியாப் பனியில வீசினவன் நீ. மார்லிஸ்னே கூப்டு. துப்பாக்கி கிளப் தலைவராத்தான் வந்திருக்கேன்னா, சரி, தலைவராவே பேசு. பயமா இருக்கா?

ஆமா, சனிக்கிழமை போட்டியில டுவேன் கையில துப்பாக்கி வெடிச்சுது. ஆமா, ரெண்டு விரல் போயிருச்சு. அது நீ வந்து எனக்குச் சொல்லணுமா? டாக்டரு கட்டுப் பிரிக்கிறப்ப மொகத்தத் திருப்பிக்காமப் பாத்தவ நானு.

அதனால கூடிப் பேசிட்டீங்க. காபி குடிச்சுக்கிட்டே. மார்லிஸ் வீட்டுல ஒக்காந்து தோட்டாவுக்கு மருந்து போடுறா, அவ போட்ட தோட்டாவாலதான் புருஷன் கை போச்சு, இனிமே அவள மைதானத்துப் பக்கமே விடக் கூடாது. அதானே? யாரு யாரு கை தூக்கினாங்க? எல்லாருமா? ஹெய்டியுமா? அவ போன மாசம் இங்க வந்து, மருந்து அளவு மாறாம எப்படிப் போடுற மார்லிஸ்னு கேட்டுட்டு, நான் செஞ்ச ரூபார்ப் பலகாரத்தத் தட்டோட காலி பண்ணிட்டுப் போனா. நல்லாருக்கு. வயித்துக்கு ஒரு நன்றி கூடக் கெடையாது போல.

மிச்சத் தோட்டாவா? எடுத்துக்கோ, அந்தத் தட்டுல பெட்டி பெட்டியா இருக்கு. ஆனா நான் எப்படிப் போடுறேன்னு கேட்டுட்டு எடு. கேக்காமயே தீர்ப்புச் சொல்லிட்டீங்க, பின்னாலயாவது கேளு.

மெஷின் மேல இருக்குற இந்தக் குடுவையில மருந்து பாதிக்குக் கீழ எறங்க விட மாட்டேன். மேல கனம் கொறஞ்சா கீழ விழுற அளவும் கொறயும். டகோட்டா குளிர்ல ஹீட்டர் ஓடி ஓடி வீடே வறண்டு கெடக்கும், மருந்து பிளாஸ்டிக்கோட ஒட்டிக்கும். துணி காயவைக்கிற மெஷின்ல போடுற வாசனைத் தாளால உள்ள ஒரு தடவ தொடச்சுட்டா ஒட்டாது. கைப்பிடிய ஏத்துறதும் எறக்குறதும் ஒரே மாதிரி இருக்கணும். கோவத்துல இழுத்தா ஒரு அளவு விழும், தூக்கத்துல இழுத்தா ஒரு அளவு விழும். அதனால கோவமா இருந்தா நான் கீழயே வர மாட்டேன். இன்னிக்கா? நீ படி எறங்குற வரைக்கும் எனக்குக் கோவமே இல்ல.

மொதல்ல விழுறதையெல்லாம் திருப்பிக் கொட்டிருவேன், மருந்து அமைஞ்சு உக்காரட்டும்னு. அப்புறம் அப்பப்ப ஒண்ண எடுத்துத் தராசுல வெப்பேன். கடைசியில எல்லாத்தையும் வரிசையா நிறுத்தி ஒவ்வொண்ணுக்குள்ளயும் எட்டிப் பாப்பேன். ஒண்ணு மட்டும் ஒசந்திருந்தா கண்ணுல குத்தும்.

யாருக்கும் தப்பு வரலாம்தான். எனக்கும் வரலாம். நான் என்ன சாமியா? அதுக்குத்தான் இந்த மருந்த வாங்குறேன். இந்தா, பாரு. எப்படி உப்பலா இருக்கு? ஒரு தடவ விழுந்தாலே கூடு முக்காவாசி ரொம்பிரும். அதுலயே ரெண்டாவது தடவ விழுந்துச்சுன்னா மேசையெல்லாம் வழியும். அதுக்கு மேல குண்ட வெச்சு அமுக்கவே முடியாது. கடைக்காரன் சிரிச்சான். பொடி மருந்து வாங்கிக்க, ஒரு டப்பாவுலயே நெறையப் போடலாம்னான். போடலாம். ஆனா அந்தப் பொடி கூட்டோட அடியில ஒரு சிட்டிகதான் நிக்கும். ரெண்டு தடவ விழுந்தாலும் எடம் மிச்சம் இருக்கும். போட்டவளுக்கே தெரியாது.

வெடிச்சதப் பாத்துட்டு துப்பாக்கி பழுது பாக்குறவரு என்ன சொன்னாரு? ரெண்டு மடங்கு மருந்து. ம். நானும் அதத்தான் சொல்றேன். ரெண்டு மடங்கு விழுந்த கூடுதான் அது. சந்தேகமே இல்ல.

நான் ஒண்ணும் ஒளறல. கேளு.

டுவேன்கிட்ட கேட்டியா நீ? வாயத் தெறக்கல, இல்ல? என்கிட்டயும் தெறக்கல. வலியாக்கும்னு நெனச்சேன். ஷெரிஃப் ஆபீஸ்லேருந்து ஒரு போலீஸ்காரர் வந்து, இது வீட்டுல போட்ட தோட்டாவா, ஒங்க சம்சாரம் போட்டதான்னு கேட்டாரு. நான் கட்டிலுக்குப் பக்கத்துலயே நிக்கிறேன். எல்லாரும் என்னையே பாக்குறாங்க. இவரு கண்ண மூடிக்கிட்டாரு.

நோரீனும் வந்திருந்தா. ஒன் பொண்டாட்டிதான், வேற எந்த நோரீன்? கறியும் உருளைக்கிழங்கும் வெச்சு வேகவெச்ச ஹாட்டிஷ், ஒரு டிரே நெறைய. வராந்தாவுல நின்னு என்னவிட அதிகமா அழுதா. அழுதுக்கிட்டே எனக்கு உபதேசம் வேற. அடுத்தவங்க போட்ட தோட்டாவ யாரும் சுடக் கூடாது மார்லிஸ், பொண்டாட்டியே போட்டிருந்தாலும் சுடக் கூடாதுன்னா. மூக்கத் தொடச்சுக்கிட்டு ஒன்கிட்டயும் அதத்தான் சொன்னாளாக்கும். அதான் நீ விடிஞ்சதும் தொப்பிய மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்ட.

அவ சொன்னது சரிதான். சுடுறவங்க எல்லாருக்கும் அதான் மொதச் சட்டம். டுவேன் என்னோடதத் தவிர வேற யாரோடதும் சுட்டதில்ல. அப்படித்தான் நானும் நெனச்சுக்கிட்டிருந்தேன்.

நீ கொண்டாந்த அந்தப் பிளாஸ்டிக் பைய இப்படிக் குடு. வெடிச்ச கூட்ட நீ மேசையில வெச்சப்பவே பாத்துட்டேன். நீ பாத்திருக்க மாட்ட. நீ கடையில வாங்கிச் சுடுற ஆளு. சுட்டதும் அப்படியே போட்டுட்டுப் போற ஆளு. திரும்ப மருந்து போடக் குனிஞ்சு பொறுக்குறவங்களுக்குத்தான் தெரியும். போட்டி முடிஞ்சா தரையெல்லாம் பித்தளையா கெடக்கும். யாரோடது எதுன்னு எப்படிப் பிரிக்கிறது? ஆளாளுக்கு ஒரு நெறம் வெச்சிருக்கோம். பேனாவால கூட்டோட அடியில ஒரு கோடு. ஹெய்டிக்குச் செவப்பு. எனக்குப் பச்ச. எந்தப் பெட்டிய வேணும்னாலும் தெறந்து பாரு.

இப்ப இதத் திருப்பு. பக்கமெல்லாம் கிழிஞ்சிருக்கு, அடி அப்படியேதான் இருக்கு. கரியா இருந்தா எச்சிலத் தொட்டுத் தேய்.

என்ன நெறம்?

ஆமா. ஊதா. ஒங்க வீட்டுச் சமையக்கட்டு மேசையில, கூப்பன் வெட்டுற கத்தரிக்கோலோட ஒரு டம்ளர்ல நிக்குமே, அந்தப் பேனா.

நோரீன் தனக்குப் போட்டது எப்படியோ மாறி வந்திருச்சா? யோசிச்சுப் பேசு லைல். இந்த அளவுத் துப்பாக்கி ஒங்க வீட்டுல ஏது? ஒனக்கும் இல்ல, அவளுக்கும் இல்ல. இது டுவேனுக்குன்னே போட்டது. பிரியமாத்தான் போட்டிருக்கா, பழக்கத்துல கோட்டையும் இழுத்துட்டா. பொடி மருந்துதான் வாங்குவா அவ, சிக்கனம். ஃபோனத் தோளுல இடுக்கிக்கிட்டுப் பேசிக்கிட்டே போடுவா. நானே சொல்லியிருக்கேன், போடுறப்பப் பேசாதடின்னு. சிரிப்பா. யாருகிட்டப் பேசுறான்னு நான் கேட்டதில்ல. டுவேன் டிராக்டர் கொட்டாயில நின்னு ஃபோன்ல சிரிச்சா சமையக்கட்டு வரைக்கும் கேக்கும், அப்பவும் கேட்டதில்ல.

கிளப்புல நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. நீதான் தலைவரு, நீயே சொல்லிக்கோ. இல்ல, என்னத் தள்ளி வெச்சது வெச்சதாவே இருக்கட்டும்னாலும் சரி. அந்தக் கூட்ட மேசையில வெச்சிரு.

இந்தா, இந்த ஸ்டூல்ல ஒக்காரு. ஒரு கால் ஆடும், செவுத்துல சாஞ்சுக்கோ.