தாழ்மை வேணும்மா

அன்னூர் பேருந்தில், என் முன்னிருக்கையில் இருந்த பெண் திடீரெனச் சத்தம் போட்டாள்: "தாழ்மைன்னா வாய மூடிக்கிறதுங்களாக்கா?"

பக்கத்திலிருந்த அக்கா, "மெதுவாப் பேசு கண்ணு. என்னாச்சு?" என்றார்.

"எங்க சபை மூப்பர் தன் பொண்டாட்டியப் போட்டு அடிக்கிறாருங்க. போன ஞாயித்துக்கெழமை ஆராதனை முடிஞ்சதும் எந்திரிச்சு, எல்லார் முன்னாலயும் சொல்லிப்போட்டேன். போதகர் என்னையப் பார்த்து, 'தாழ்மை வேணும்மா'ங்கறாரு. அடிச்சவருகிட்ட ஒரு வார்த்தை கேக்கலீங்க!"

"நீ என்ன சொன்னே?"

"கடவுள் முன்னால முட்டி போடுறனுங்க, பொண்டாட்டிய அடிக்கிற இந்தாளு முன்னால போடமாட்டேன்னேன். போதகர் உக்காருன்னாருங்க்கா. ஆனா உக்காரல."

"அடி வாங்குன அந்தப் புள்ள?"

"முதல் வரிசையில இருந்து அவளும் எந்திரிச்சாளுங்க. 'நானும் உங்கூட வாரேன்'னா. இப்ப எங்க ஊட்லதான் இருக்குறா."