சுரைக்காவுக்கு நாலு மூவ்

ரொனால்டு: ...அதனாலதான் சொல்றேன், ஏஞ்சலு. ஜெயிக்கிறதுக்கு வெறும் பலம் போதும். தோக்குறதுக்குத்தான் அறிவு வேணும், பொறுமை வேணும், ராஜதந்திரம் வேணும். மனுச வரலாற்றையே எடுத்துப் பாரு...

ஏஞ்சலின்: வரலாறு கெடக்கட்டும். வீடியோ கேம் கண்ட்ரோலர் மேல உக்காந்திருக்கீங்க. செத்த எந்திரிங்க.

ரொனால்டு: எங்க?

ஏஞ்சலின்: உங்களுக்குக் கீழதான். பாருங்க, டிவியில அது தானா சுத்திக்கிட்டு இருக்கு.

ரொனால்டு: அதான பாத்தேன்... வனராஜன் என்னடா செக்குமாடு கணக்கா வட்டம் போடுதேன்னு.

ஏஞ்சலின்: சுரைக்கா.

ரொனால்டு: வனராஜன். பள்ளிக்கூட மன்றத்துல அந்தப் பேர்லதான் பதிஞ்சிருக்கேன்.

ஏஞ்சலின்: மெடிக்கல்ல நாள் பூரா நின்னுட்டு வந்து, கால் வலியோட உக்காந்து அதைச் சண்டை பழக்கி வளத்தவ நான். நான் வச்ச பேரு சுரைக்கா. தொப்பையும், தலையில ஒத்தை இலையுமா இருக்கு. அது மூஞ்சிக்கு வனராஜனாம்.

ரொனால்டு: சரி, சுரைக்கா. ஏழு மணிக்குத் தாளாளர் அவரு வீட்டுல இருந்தே ஆட வந்துருவாரு, பேச்சு போன்ல. அதுக்குள்ள இதுக்கு நாலு மூவ், அதான் சண்டை வித்தை, தேத்தணும். நாலுக்கு மேல இந்த ஆட்டத்துல வைக்க முடியாது. நாலும் தோக்குற மூவா இருக்கணும்.

ஏஞ்சலின்: போன வாரம் எதுவும் தேத்தல. அதுக்கு முந்தின வாரமும் தேத்தல. சும்மாவே அழகாத் தோத்தீங்க.

ரொனால்டு: அப்ப அவர்கிட்ட இருந்தது நெருப்பு எருமை. செடி நெருப்புகிட்ட தோக்கும், அது ஆட்டத்தோட சட்டம். ஒருத்தருக்கும் சந்தேகம் வராது. நான் பாட்டுக்குத் தோத்துட்டு, "பிரமாதம் சார்"னு சொல்லிட்டுப் படுத்துட்டேன்.

ஏஞ்சலின்: படுத்தீங்க, தூங்கல. விடிய விடியப் புரண்டுகிட்டே இருந்தீங்க.

ரொனால்டு: நடிச்சா அசதி இருக்கத்தான் செய்யும்... இப்ப விசயத்துக்கு வா. எருமையை விட்டுட்டாரு.

ஏஞ்சலின்: ஏன், என்னாச்சு எருமைக்கு?

ரொனால்டு: அவருக்கு மீன ராசி. நெருப்பு ஆகாதுன்னு ஜோசியர் சொல்லிட்டாராம். இப்ப ஒரு திமிங்கிலத்தைப் பிடிச்சு வச்சிருக்காரு. தண்ணி வகை.

ஏஞ்சலின்: தண்ணின்னா... செடி உறிஞ்சிப்புடுமே.

ரொனால்டு: அதைத்தான் நானும் சொல்றேன். நம்ம அடி ஒண்ணுக்கு ரெண்டா விழும். அவரு தண்ணியடிச்சா நமக்குப் பாதிதான் உறைக்கும். தோக்குறதுக்கு வழியே இல்லாமப் போச்சு.

ஏஞ்சலின்: அப்ப வேற பிராணியை எடுத்துட்டுப் போங்க.

ரொனால்டு: எப்படிப் போறது? மின்விளையாட்டு மன்றம்னு பேர் வச்சு, குத்துவிளக்கு ஏத்தி, மேடையில ஆளுக்கு ஒரு வகைப் பிராணியாப் பிரிச்சுக் குடுத்தாரு. தமிழய்யாவுக்குக் காத்து. பி.டி. மாஸ்டருக்குப் பாறை. எனக்குச் செடி. "ரொனால்டு சார், பசுமையின் காவலர்"னு மைக்லயே சொன்னாரு.

ஏஞ்சலின்: பசுமையின் காவலரு வீட்டு வாசல்ல செம்பருத்தி காஞ்சு கெடக்கு.

ரொனால்டு: விளையாடாத, ஏஞ்சலு. இன்னிக்கு ஆட்டம் முடிஞ்சதும் பர்மனென்ட் யாருக்குன்னு சொல்றேன்னு இருக்காரு. ஆறு வருசமாத் தற்காலிகக் கம்ப்யூட்டர் சாராவே இருக்கேன். இன்னிக்குப் போய் அவரை ஜெயிச்சு வச்சேன்னா, அம்புட்டுதான்.

ஏஞ்சலின்: ஒரு விளையாட்டுக்காகவா வேலையில கை வைப்பாரு?

ரொனால்டு: மெஹராஜ் டீச்சர் கதி என்னாச்சு? கணக்கு டீச்சர். போன மாசம் அவரை ஒரே நிமிசத்துல அடிச்சுப்புட்டாங்க. மறு வாரமே நெய்க்காரப்பட்டிப் பக்கம் புதுசாத் தொறந்த கிளைக்குத் தூக்கிட்டாரு.

ஏஞ்சலின்: அய்ய... பஸ்லயே பாதி நாள் போயிருமே அந்தம்மாவுக்கு. சரி, இங்கிட்டுக் குடுங்க. இப்ப அதுல இருக்கிற நாலும் நான் வச்சது. வேர் உறிஞ்சல் இருக்கு. எதிராளி உசிரை எடுத்துத் தனக்கு ஏத்திக்கிரும்.

ரொனால்டு: தூக்கு. அவரு அடிக்க அடிக்க இது தேறிக்கிட்டே இருக்கும். சோறு ஆறிப் போகும்.

ஏஞ்சலின்: இலைவாள்?

ரொனால்டு: அதையும் தூக்கு. திமிங்கிலம் ரெண்டு வெட்டு தாங்காது.

ஏஞ்சலின்: தூக்கப் பொடி. இது அடிக்காது. தூங்க மட்டுந்தான் வைக்கும்.

ரொனால்டு: அதுதான் எல்லாத்தையும் விட ஆபத்து. தமிழய்யா ஒரு தடவை அவரைத் தூங்க வச்சிட்டாரு. பொத்தானை அமுக்கி அமுக்கிப் பாத்துட்டு, பொட்டி ரிப்பேர்னு கடைக்காரனுக்குப் போன் போட்டுக் கத்திப்புட்டாரு மனுசன்.

ஏஞ்சலின்: கடைசியா வெயில் பீரங்கி. ஒரு சுற்று சும்மா நின்னு வெயில் வாங்கும். அடுத்த சுற்றுலதான் சுடும்.

ரொனால்டு: சும்மா நிக்குமா... அது நல்லாத்தான் இருக்கு.

ஏஞ்சலின்: பட்டா திமிங்கிலம் கருவாடு.

ரொனால்டு: தூக்கு, தூக்கு.

ஏஞ்சலின்: எல்லாத்தையும் தூக்கியாச்சு. இனி என்னத்தை வைக்க? கையெடுத்துக் கும்பிடச் சொல்லவா?

ரொனால்டு: அப்படி ஒரு மூவ் இருக்கா?

ஏஞ்சலின்: ...இல்லங்க.

ரொனால்டு: இல்லன்னாப் போகட்டும். பேருக்கு ஒரு அடி வேணும். அடிக்கவே இல்லன்னா வேணும்னே தோக்குறது தெரிஞ்சு போகும். மெத்துன்னு ஏதாவது இருக்கான்னு பாரு.

ஏஞ்சலின்: புல் தடவல். பொறந்தப்பவே இருந்தது. எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்.

ரொனால்டு: வை. அடுத்து?

ஏஞ்சலின்: பூ வாசம். எதிராளிக்கு மனசு குளுந்து, பலம் கூடும். இந்த ஆட்டம் ஆடுற ஒருத்தனும் இதை வைக்க மாட்டான்.

ரொனால்டு: பள்ளிக்கூடத்துல வேலை பாக்குறவன் வைப்பான். வை. அடுத்து?

ஏஞ்சலின்: இலை சுருட்டல், கண்ணை மூடிச் சுருண்டு படுத்துக்கிரும். அப்புறம் விதை வெடி, தானே வெடிச்சுத் தானே விழுந்துரும்.

ரொனால்டு: ஆகா. நாலும் ஆச்சு. இந்த மாதிரி ஒரு கட்டமைப்பை இந்த ஜில்லாவுல எவனும் யோசிச்சிருக்க மாட்டான். ஒவ்வொண்ணுலயும் ஒரு பணிவு இருக்கு, பாத்தியா?

ஏஞ்சலின்: எனக்குப் பாவமா இருக்கு. எம்புட்டு நாளா வளத்தேன்... ஏங்க, ஒரே ஒரு தடவை ஜெயிச்சுத்தான் பாருங்களேன்.

ரொனால்டு: ஜெயிக்கிறது எனக்குப் பெரிய காரியமா? நினைச்சா ஜெயிப்பேன். நினைக்கிறதில்ல, அம்புட்டுதான்.

ஏஞ்சலின்: சரிங்க. எனக்கும் பேசத் தெம்பு இல்ல. சோத்துக்குத் தொட்டுக்க வெஞ்சனம் ஏதாவது பண்ணணும்.

ரொனால்டு: நான் சட்டை மாத்திட்டு வாரேன். அந்த வெள்ளைச் சட்டை எங்க?

ஏஞ்சலின்: குரல் மட்டுந்தான போகப் போகுது. சட்டை எதுக்கு?

ரொனால்டு: மரியாதை குரல்லயே தெரியும். பனியனோட பேசுனா பனியன் குரல்தான் வரும்.

ஏஞ்சலின்: உள்ள கொடியில கெடக்கு. பட்டன் ஒண்ணு இல்ல. அலமாரி மேல டப்பாவுல இருக்கான்னு தேடிப் பாருங்க.

ரொனால்டு: எந்த டப்பா?

ஏஞ்சலின்: பிஸ்கட் டப்பா. இல்லன்னா அதுக்குப் பின்னாடி இருக்கிறது. மெதுவாத் தேடுங்க, அவசரமில்ல.

ரொனால்டு: அங்க எதையும் தொட்டு வைக்காத, ஏஞ்சலு. எல்லாம் கச்சிதமா வச்சிருக்கு.

ஏஞ்சலின்: நான் எதுக்குத் தொடுறேன்...

ரொனால்டு: இதுல ஊசிதான் இருக்கு.

ஏஞ்சலின்: இன்னும் நல்லாக் கிண்டுங்க... ஆங், போன் அடிக்குது. வாங்க. தாளாளர்தான். ஸ்பீக்கர்ல போட்டுட்டேன். நான் அடுப்படிக்குப் போறேன்.

ரொனால்டு: வணக்கம் சார். ரொனால்டு பேசுறேன்.

தாளாளர்: வணக்கம், ரொனால்டு சார். களம் காணத் தயாரா? என் ஆழிப் பேரரசன் ஆர்ப்பரித்துக் காத்திருக்கிறான்.

ரொனால்டு: தயார் சார். தங்களோட மோதுறதே ஒரு பாக்கியம், சார்.

தாளாளர்: செத்த இருங்க. பேரரசனைக் காணோம். எதை அமுக்கணும்?

ரொனால்டு: பச்சை சார். பச்சைப் பொத்தான்.

தாளாளர்: அமுக்கிட்டேன். வந்துட்டான்... நீங்க முதல்ல அடிங்க. ...சார்? லைன்ல இருக்கீங்களா?

ரொனால்டு: இருக்கேன் சார். ஒரு நிமிசம் சார்... டிவியில வெளிச்சம் கொஞ்சம் கண்ணுல படுது.

ஏஞ்சலின்: லைட்டை அணைக்கவாங்க?

ரொனால்டு: வேணாம். நீ அங்கேயே இரு.

தாளாளர்: அடடே, என் ஆளு கண்ணை மூடிட்டானே. பொட்டி மறுபடியும் ரிப்பேரா?

ரொனால்டு: இல்ல சார்... தூங்குது சார். பொடி.

தாளாளர்: ஓகோ, பொடியா? தமிழய்யா போட்ட அதே பொடியா? போடுங்க, போடுங்க. நல்ல ஆட்டம்.

ரொனால்டு: நன்றி சார்.

தாளாளர்: சார், தூங்குறவன் மேல மறுபடியும் பொடி போடுறீங்களே, அது எதுக்கு?

ரொனால்டு: அது... ஒரு யுக்தி சார்.

தாளாளர்: மூணாவது தடவையும் போடுறீங்க.

ரொனால்டு: கை தவறிருச்சு சார்.

தாளாளர்: முழிச்சுட்டான் பாருங்க. இப்ப எதையோ அமுக்கிட்டேன். மழை பெய்யுது. எனக்கு மழை வேணாமே, எப்படி நிறுத்துறது?

ரொனால்டு: அது தானா நிக்கும் சார்.

தாளாளர்: நீங்க என்ன பண்றீங்க? உங்க செடி தலையைத் தூக்கிட்டு அப்படியே நிக்குது.

ரொனால்டு: வெயில் வாங்குது சார்.

தாளாளர்: மழையிலயா?

ரொனால்டு: ...ஆமா சார்.

ஏஞ்சலின்: அய்யய்யோ.

தாளாளர்: யாரு சார் அது?

ரொனால்டு: வீட்டுல சார். எண்ணெய் தெறிச்சிருச்சு போல.

தாளாளர்: சரி. இது என்ன, பனி மூச்சுன்னு ஒண்ணு இருக்கு. அமுக்கிப் பாக்குறேன்... ஏதோ வெள்ளையா வருது... உங்க செடி சாஞ்சிருச்சே, சார். முடிஞ்சுதா?

ரொனால்டு: முடிஞ்சுது சார். பிரமாதம் சார். தங்கள் திறமைக்கு முன்னாடி...

தாளாளர்: இருங்க. ஒரு உண்மையைச் சொல்லிர்றேன். எனக்கு இந்த ஆட்டம் சுத்தமா வராது. என் டிரைவர் ஜெயிச்சுட்டான். எங்க வீட்டம்மா சமைச்சுக்கிட்டே ஜெயிச்சுட்டா. மன்றத்துல பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கிறவர் என்னையாவது ஜெயிக்கணும், அதைப் பாக்கத்தான் இந்தச் சனிக்கிழமை ஆட்டமே.

ரொனால்டு: ...சார்?

தாளாளர்: மெஹராஜ் டீச்சர் ஒரே நிமிசத்துல முடிச்சாங்க. அதான் புதுக் கிளைக்கே அவங்களைத் தலைமை ஆசிரியையாப் போட்டேன். குடியிருக்க வீடும் குடுத்தாச்சு.

ரொனால்டு: அப்படியா சார்... சந்தோசம் சார்.

தாளாளர்: இங்க பி.டி. மாஸ்டருக்குத்தான் பர்மனென்ட். காலையில பாறையைத் தூக்கிப் போட்டு என்னை நசுக்கிட்டாரு. உங்களுக்கும் கடைசியா ஒரு வாய்ப்பு இருக்கட்டும்னுதான் தண்ணியோட வந்தேன். ஜோசியர் சொன்னாருன்னது சும்மா. நேராச் சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்ல?

ரொனால்டு: ஆமா சார்.

தாளாளர்: மனசுல வச்சுக்காதீங்க. அடுத்த வருசம் பாப்போம். வச்சிர்றேன்.

ரொனால்டு: வணக்கம் சார்.

ஏஞ்சலின்: ...வச்சிட்டாரா?

ரொனால்டு: வச்சிட்டாரு.

ஏஞ்சலின்: எல்லாம் கேட்டுச்சு.

ரொனால்டு: ம்.

ஏஞ்சலின்: தண்ணி குடிங்க முதல்ல.

ரொனால்டு: வை. அப்புறம் குடிக்கிறேன்.

ஏஞ்சலின்: ஏங்க... இன்னும் ஒண்ணும் கெட்டுப் போகல. இப்பவே திரும்பப் போன் போடுங்க. மரியாதைக்காகத்தான் விட்டுக் குடுத்தேன் சார்னு சொல்லுங்க. கேட்டா சிரிப்பாரு. அவரு பேசுன பேச்சைப் பாத்தா நல்ல மனுசனாத்தான் தெரியுது.

ரொனால்டு: வேணாம்.

ஏஞ்சலின்: வெக்கப்பட்டா ஆகுமா? இன்னும் ஒரு வருசம் நான் ஓவர் டைம் நிக்கணும்.

ரொனால்டு: வேணாம், ஏஞ்சலு.

ஏஞ்சலின்: சரி, நான் ஒண்ணு சொல்லணும். திட்டாதீங்க. நீங்க பட்டன் தேடுன நேரத்துல, பழைய நாலையும் திரும்ப வச்சிட்டேன். நான் வளத்தது ஒரு தடவையாவது ஜெயிக்கட்டும்னு ஆசைப்பட்டுட்டேன்.

ரொனால்டு: டிவியில பாத்த உடனே தெரிஞ்சிருச்சு.

ஏஞ்சலின்: தெரிஞ்சும் அந்த நாலை வச்சுக்கிட்டுத் தோத்தீங்க பாருங்க, அதுக்கு எம்புட்டுச் சாமர்த்தியம் வேணும். தூங்குறவனுக்குப் பொடி, மழையில வெயிலு... ஒருத்தனும் தெரியாம அப்படிப் பண்ண மாட்டான். அதையே சொல்லுங்க அவர்கிட்ட. வேணும்னேதான் தோத்தேன் சார்னு.

ரொனால்டு: வேணும்னு தோக்கல, ஏஞ்சலு. ஜெயிக்கத்தான் ஆடினேன். போன வாரமும் ஜெயிக்கத்தான் ஆடினேன்.