லோகநாதன் பேரில் நட்ட செடி

“ஹலோ... சார், கேக்குதா? ... இன்னா சார்? ... இருங்க, காத்து அடிக்குது. ... ம், இப்ப கேக்குது. வைஷ்ணவிதான்.”

முழங்கால் அளவு சேற்றுத் தண்ணீரில் நின்றுகொண்டு முதலாளி ஹேமந்திடம் போனில் பேசினாள் வைஷ்ணவி. சென்னையில் அவர் நடத்தும் சின்னக் கட்டட வடிவமைப்பு ஆபீசில் வரைபடம் போடுகிறவள். அப்பா லோகநாதன் இறந்ததற்காகப் பழவேற்காட்டுப் பக்கம் தன் குப்பத்துக்கு வந்தவள் இன்னும் திரும்பவில்லை.

“ஆமா சார்... ஆமா. கருமாதி நேத்தோட முடிஞ்சிச்சி. ... வேலைக்கு வரேன் சார், அதுக்கு முன்ன இதக் கேளுங்க. நம்ம ஆபீஸ் வுடற கார்பனுக்கு ஈடுனு இங்க அலையாத்திச் செடி நட்டீங்களே... ஆமா, அதான். அத எடுக்கணும். ... இல்ல சார், இன்னைக்கே. சாயந்தரத்துக்குள்ள.

“... காலி எடமா? ... நீங்க பாத்தப்போ காலிதான் சார். நீங்க துக்கம் கேக்க வந்தீங்க. எங்க ஊர்ல சாவு வுழுந்தா அன்னைக்கு ஒருத்தரும் ஏரில எறங்க மாட்டாங்க. அதான் படகும் இல்ல, வலையும் இல்ல. ... அது பாடு சார். பாடுன்னா... சீட்டுப் போட்டு, மொற வெச்சி வல கட்டற எடம். இன்னைக்கு ஒருத்தர், நாளைக்கு வேற ஒருத்தர்.

“... ஒத்துக்கினாங்களா? யாரு? ... நீங்க அனுப்பின ஆளு ‘லோகநாதன் நினைவா’னு எங்க நைனா பேரப் போட்டுப் பலகை நட்டான். எழவு வூட்ட எதுத்து யாரு சார் வாயத் தொறப்பாங்க? எனக்கே யாரும் சொல்லல. கருமாதி முடியட்டும்னு அந்தப் பாடு எடத்துல வல போடாமயே பொறுத்துக்கினாங்க. நீங்க அத சம்மதம்னு எடுத்துக்கினீங்க.”

கோபம் வந்தது. ஆனாலும் சம்பளம் வாங்கிப் பழகிய வாய் ‘சார்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

“... இன்னைக்கு காலைல பூவரசன் அண்ணன் மொற. செடிக்கு முட்டு குடுத்த மூங்கில்ல மாட்டி வல கிழிஞ்சி போச்சி. ... வேற வல வாங்கித் தரலாம் சார், அது இல்ல. சாயந்தரம் கோயில்ல சீட்டு. மூங்கில் நிக்கற வரைக்கும் தருமன் பேரு சீட்டுல கெடையாதுன்னுட்டாங்க. ... என் தம்பி சார். நைனாவோட பாடு அவனுக்குத்தான் வரணும். அது போச்சின்னா அவன் எங்க போவான்?

“ஆமா சார்... ஆமா... கார்பனுக்கு ஈடு கட்டிட்டோம்னு சான்று குடுக்கறவங்க நாளைக்குப் போட்டோ எடுக்க வராங்க, சரி. சான்று கெடச்சாதான் அந்தப் பெரிய கட்டடம் நமக்கு, அதுவும் சரி. ... அதுக்குத்தான் ஏசியக் கொறைங்கன்னேன். கிளையன்ட்டுக்கு வேர்க்கும்னீங்க. ஆளுக்கொரு கார்ல வராதீங்கன்னேன், சிரிச்சீங்க. படத்துல ஒரு கதவ நகத்தினாக்கூட மொத்த செட்டையும் திரும்ப பிரிண்ட் போடறோம். ... பொக வுடறது நாம, ஏரி மட்டும் இவுங்களுதா? ஊரான் வூட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்ற மாதிரி இருக்குது. ... இல்ல சார், மரியாதையாத்தான் பேசறேன்.

“... ஹலோ? ... இருக்கேன். ... புடுங்கினா வேலைக்கு வர வேணாமா? ... சரி சார். ... சரி. பாதி புடுங்கியாச்சி. நானும் தம்பியும்தான். ... செடி பாவம்தான் சார், எனக்கு மட்டும் ஆசையா? கரையோரமா வெச்சிப் பாக்கறோம். பொழைக்குமோ இன்னாவோ.

“... பலகையா? ... அது மட்டும் நிக்கட்டுமா, போட்டோவுக்கு? ...”

அவள் திரும்பி, கரையில் கிடந்த பலகையைப் பார்த்தாள்.

“... இருக்கேன் சார். மொதல்ல அதத்தான் புடுங்கினேன். ... ஹலோ? ... ஹலோ?”

இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. போனை இடுப்பில் செருகிக்கொண்டு தம்பியைக் கூப்பிட்டாள்.

“தருமா... அந்தப் பலகைய அடுப்புக்குப் போட்டுடாத. நைனா பேரு இருக்குது.”