சூரியனுக்குக் கிரீடம்

கிரகணம் முடிந்து பத்து நாள் இருக்கும். கோரிமேட்டுக்குப் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பிரெஞ்சுப் பள்ளிக்கூட வாத்தியார்கள்.

“முசியே, நம்ம கணக்கு வாத்தியாரை நெனச்சாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது,” என்றார் ஒல்லியானவர்.

“ஏன், என்ன பண்ணாரு?”

“சிலோனுக்குப் போயி முழுக் கிரகணம் பாத்துட்டு வந்திருக்காரே! சூரியன் மறைஞ்சதும் சுத்தி வெள்ளையா ஒரு கிரீடம் தெரியும், பிரெஞ்சுல கூரோன்னு சொல்லுவோம். பதினஞ்சு வருஷமா அதை போர்டுல வரைஞ்சு காட்டுறவன் நான். பாக்கக் குடுத்துவச்சது அவருக்கு. இங்க புகை புடிச்ச கண்ணாடியில எனக்குத் தெரிஞ்சது கடிச்ச அப்பளம்.”

“அவரு எங்க பாத்தாரு? அந்த நேரத்துல அங்க ஒரே மேகமாம். கிரீடமும் தெரியல, ஒண்ணும் தெரியல. எங்கிட்ட சொல்லி அழாத குறை.”

ஒல்லியானவர் முகத்தில் சிரிப்பு வந்தது. தட்டாஞ்சாவடி வரும்வரை இருந்தது. பிறகு போய்விட்டது.

“மேகமா இருந்தாலும் அங்க விடிஞ்சப்புறம் மறுபடி இருட்டியிருக்குமே?”

“ஆமா, கும்மிருட்டாம். காக்காயெல்லாம் கூட்டுக்குத் திரும்பிடுச்சாம்.”

“பாத்தீங்களா,” என்றார் அவர். “அதையாச்சும் பாத்துட்டாரு.”